விளக்குப் பிடித்த மாப்பிள்ளை

பட்டறைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் பல் டாக்டர். வாயில் இருக்கிற பல்லை அவர் பிடுங்கியதே இல்லை. இன்ஜினுக்குள் முறிந்து மாட்டிக்கொண்ட போல்ட்டைப் பிடுங்குவார். பழைய வண்டியில் துருவேறிய போல்ட்டை யாராவது அவசரப்பட்டுத் திருகுவான். தலை மட்டும் ஸ்பானரோடு வந்துவிடும், உடம்பு உள்ளேயே நின்றுவிடும். அப்போது டாக்டருக்கு ஆள் போகும். அவர் வந்து பிடுங்காமல் திரும்பியதாகச் சரித்திரமே கிடையாது.

கைராசி என்றால் அப்படி ஒரு கைராசி. வாய் மட்டும், அம்மாடி, தேள் கொடுக்கு. மனசு நல்ல மனசு, வாய்தான் அப்படி என்று சொல்கிறவர்கள் உண்டு. அதெல்லாம் சும்மா. வாய் எப்படியோ மனுஷனும் அப்படித்தான்.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. போல்ட்டை முறித்தவன் எவனோ அவன்தான் விளக்குப் பிடிக்க வேண்டும். வேலை முடிகிறவரை வேறு ஆள் கைக்கு அது போகக் கூடாது. முறித்தவர் பட்டறை முதலாளி ஆனாலும் சரிதான். முதலில் பேச்சுக் கொடுப்பார்.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சுண்ணே."

"பாவம் அந்தப் பொண்ணு. வீட்டுல எதை எதை முறிச்சு வெச்சிருக்கியோ!"

சுற்றி நிற்கிறவர்கள் சிரித்து ஓய்ந்த பிறகுதான் ட்ரில்லைத் தொடுவார். ஒருமுறை தாடி நரைத்த மெக்கானிக் ஒருவர் விளக்கும் கையுமாக அழுதேவிட்டார். "கண்ணைத் துடைக்காதீங்க, வெளிச்சம் ஆடுது" என்றார் டாக்டர்.

வீட்டிலும் அதே சட்டம். மகள் சின்னவளாக இருந்தபோது வாசல் பூட்டுக்குள் சாவியை முறித்துவிட்டாள். குழந்தைதானே என்று விட்டாரா? தெருவே வேடிக்கை பார்க்க வாசலில் நிறுத்தி, கையில் விளக்கைக் கொடுத்து, இமைக்கிற நேரத்தில் எடுக்கக்கூடிய துண்டை எடுக்கிறேன் எடுக்கிறேன் என்று பொழுது சாயும்வரை நோண்டினார். பிள்ளை நின்ற இடத்திலேயே பாவாடையை நனைத்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் அப்பா எதிரில் எதையும் முறிக்கவில்லை. வாயையும் அதிகம் திறக்கவில்லை.

அவளுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் இவர் கணக்குப்படிதான். "இத்தனை பட்டறையில அவன் பட்டறைக்கு மட்டும் என்னைக் கூப்பிட்டதே இல்லை. அந்தக் கை போதும்" என்று சொல்லிக் கட்டிக்கொடுத்தார்.

இப்படிப்பட்ட மனுஷருக்குத்தான் கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் கட்டைவிரல். பிறகு மணிக்கட்டு வரைக்கும். சட்டைப் பொத்தானை மனைவி போட்டுவிட வேண்டியதாயிற்று. "டாக்டர்கிட்ட காட்டுவோமே" என்றாள் அவள். "வெளியே மூச்சு விட்டே, அப்புறம் பார்" என்றார். ஒரு பட்டறைக்குத் தெரிந்தால் எல்லாப் பட்டறைக்கும் தெரிந்த மாதிரி. அப்புறம் யார் கூப்பிடுவார்கள்? கூப்பிட ஆள் இல்லையென்றால் அவர் வெறும் கிழவர். வந்த வேலைகளையெல்லாம் ஏதேதோ சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தார்.

ஆனால் மாப்பிள்ளையிடமிருந்து அழைப்பு வந்தபோது தட்டவில்லை. தட்ட மனசு வரவில்லை என்பதுதான் நிஜம். மாப்பிள்ளை கையிலும் ஒன்று முறிந்துவிட்டதே! சிரித்துக்கொண்டே மனைவியிடம் சட்டையை நீட்டினார்.

அவர் தெருமுனை திரும்பியதும் மனைவி மகளுக்குப் போன் போட்டாள். "உங்கப்பா கை ஆடுதுடி. அவருக்கே தெரியாம நான் சொல்றேன். யார் காதுக்கும் போயிடக் கூடாது. நீ கொஞ்சம் பக்கத்துல நின்னு பார்த்துக்கோ."

"பார்த்துக்கறேன்மா" என்றாள் மகள்.

பட்டறையில் ஒரு கிழட்டு வேன் மூக்கைத் திறந்துகொண்டு நின்றது. புகைக்குழாயை இன்ஜினோடு இறுக்கிப் பிடிக்கிற ஸ்டட் ஒன்று அடியோடு முறிந்திருந்தது. வேலையாட்கள், வேனின் சொந்தக்காரர், டீ குடிக்க வந்தவர்கள் என்று கூட்டம். பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. மகள் பின்கட்டு வாசலில் நின்றாள்.

"வாங்க மாமா. உட்காருங்க."

"உட்கார வரலை மாப்பிள்ளை. விளக்கு எங்கே?"

வேலையாள் ஒருவன் ஓடி வந்தான். "நான் பிடிக்கறேன் ஐயா."

"நீயா முறிச்சே?"

அவன் பின்வாங்கினான். மாப்பிள்ளை விளக்கை எடுத்துக்கொண்டார்.

"கால் வலிக்குமே. நாற்காலி போடச் சொல்லட்டுமா? மாப்பிள்ளை மரியாதை குறையக் கூடாது பாருங்க." கூட்டம் சிரிக்கலாமா வேண்டாமா என்று மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தது. "முறிக்காத கைன்னு நம்பித்தான் பொண்ணைக் கொடுத்தேன். பழைய சரக்குக்குப் பெயின்ட் அடிச்சு என் தலையில கட்டிட்டாங்க போலிருக்கே!" இப்போது சிரித்தார்கள். வேன்காரர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். மாப்பிள்ளையின் காது சிவந்தது. விளக்கு மட்டும் அசையவில்லை.

டாக்டர் வேலையைத் தொடங்கினார். ஸ்டட்டைச் சுற்றி நெருப்பைக் காட்டிச் சூடேற்றினார். மெழுகுவத்தியைத் தொட்டார். மெழுகு உருகித் திருகுப் புரிக்குள் இறங்கியது. அதுவரை குறையில்லை. பிறகு ட்ரில் உட்காருவதற்குப் பஞ்ச்சை வைத்து நடுவில் ஒரு குழி அடிக்க வேண்டும். அடித்தார். கை ஆடிவிட்டது. குழி அரை அரிசி அளவு ஓரமாக விழுந்தது.

அவர் கண்ணுக்குத் தெரியாமலா போகும்? தேய்த்துவிட்டு மறுபடி அடித்திருக்கலாம். ஆனால் பல் டாக்டர் இரண்டாவது குழி அடித்ததை யாரும் பார்த்ததில்லை. அந்த வீம்பில் அப்படியே துளைத்தார். ட்ரில் இரும்பை விட்டுப் பக்கத்திலிருந்த மெத்தென்ற அலுமினியத்துப் பக்கம் சாய்ந்தது. அந்தக் கோணல் துளைக்குள் எக்ஸ்ட்ராக்டரை அடித்து இறக்கினார். இடப்பக்கம் திருகத் திருகப் பிடி இறுகி, முறிந்த துண்டை வெளியே இழுத்து வருகிற முறுக்குக் கம்பி அது. திருகினார். டிக் என்றது. கம்பியின் பாதி அவர் கையில் இருந்தது, மீதி ஸ்டட்டுக்குள். எந்த ட்ரில்லும் கடிக்க முடியாத எஃகு அது. பிடுங்கப் போன சாமானும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

கூட்டம் நெருங்கி வந்து எட்டிப் பார்த்தது.

"விளக்கை இப்படி ஆட்டினா எவன் வேலை செய்வான்?" என்றார் டாக்டர்.

"நான் ஆட்டலை மாமா."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

வேன்காரர் முன்னால் வந்தார். "ஏம்ப்பா, விளக்குப் பிடிக்கக்கூடத் தெரியாதவன்கிட்டயா என் வண்டியை விட்டேன்?"

மாப்பிள்ளை விளக்கைத் தாழ்த்திக்கொண்டார். மாமனாரைக் காட்டிக்கொடுக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. டாக்டருக்கு நெஞ்சு லேசாயிற்று. தப்பித்துவிட்டோம் என்றே நினைத்தார்.

மகள் உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்தாள். கையில் டீ டம்ளர், விளிம்பு ததும்ப.

"களைச்சிருப்பீங்கப்பா. குடிங்க."

"வெச்சுட்டுப் போம்மா."

"ஆறிப் போயிடும். கையில வாங்குங்க."

"அப்புறம் குடிக்கறேன்."

"பொண்ணு கொடுக்கற டீயை வாங்க மாட்டீங்களா? எல்லாரும் பார்க்கறாங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவளுக்குத் தெரியும் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இரண்டு கையாலும் வாங்கினார். டீ விளிம்பைத் தாண்டி விரல்களில் ஓடியது, மணிக்கட்டில் ஓடியது, சட்டையில் சொட்டியது. சுட்டது. பக்கத்தில் வைக்க இடமில்லை. கீழே போடவும் முடியவில்லை. பிடிக்கப் பிடிக்க ஆட்டம் கூடியது. மகள் கையைக் கட்டிக்கொண்டு, டம்ளர் பாதியாகும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

"நீ என் பொண்ணுதானா?" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"சந்தேகமே வேண்டாம்பா" என்றாள் அவள், எல்லாருக்கும் கேட்கும்படி.

மாப்பிள்ளை விளக்கை அணைத்தார். மனைவியை ஒரு பார்வை பார்த்தார். அதில் நன்றி இல்லை, பயம்தான் இருந்தது. பிறகு வேலையாட்கள் பக்கம் திரும்பினார். "இன்ஜின் ஹெட்டையே கழட்டுங்கப்பா. லேத் பட்டறைக்குக் கொண்டு போவோம்."

ஆட்கள் ஸ்பானர்களோடு வேனைச் சூழ்ந்தார்கள். டாக்டர் நடுவில் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார்.

"மாமா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ஆளுங்க வேலை செய்யணும்."

அவர் தள்ளி நின்றார். அங்கேயும் வழியை மறைத்ததால் ஒருவன் வந்து, "இன்னும் கொஞ்சம் ஐயா" என்றான்.