வரப்பில் வந்த பிணங்கள்

உலகம் அழிவதைப் பார்க்க எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் குறைந்த செலவில் அழிய வேண்டும். கோடிகளைக் கொட்டிக் கடலைப் பொங்க வைத்து நகரத்தை மூழ்கடிக்கும் படங்களில் எனக்குக் கொட்டாவிதான் வரும். ஒரே வீடு, ஓர் ஓட்டை வண்டி, மொத்தம் ஆறு நடிகர்கள், ஒரு வாளி சிவப்புச் சாயம், இவ்வளவை வைத்துக்கொண்டு மனித குலத்தையே முடித்துவிடக் கிளம்புகிறானே ஒருத்தன், அவன்தான் என் ஆள். அவன் படத்தில் பேயின் முதுகில் ஜிப் தெரியும். ஜிப் தெரிந்த பிறகு அந்தப் பேயிடம் யாருக்குப் பயம்?

இந்தக் கெட்ட பழக்கத்தை அம்மாவுக்கும் தொற்ற வைத்தவள் நான். மார்பில் கட்டி வந்து, தஞ்சாவூரில் அறுவை சிகிச்சை முடிந்து, அவளுக்குக் கீமோ நடந்துகொண்டிருந்த மாதங்கள். நான் சென்னை வேலையை லேப்டாப்போடு தூக்கிக்கொண்டு, ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்திருந்தேன். மருந்து ஏற்றிக்கொண்டு வந்த நாட்களில் அவளுக்குச் சோறு இறங்காது, கண் மூடாது, சீரியலும் பிடிக்காது. சீரியலில் எல்லாருக்கும் இடுப்பு வரை முடி இருக்கிறதாம். சரி என்று ஒரு மத்தியானம், பிணங்கள் எழுந்து வரும் டப்பிங் படம் ஒன்றைப் போட்டுவிட்டேன்.

பத்து நிமிஷத்தில் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"இவன் இப்பதானடி செத்தான்? மீசைய எடுத்துட்டு மறுபடியும் வந்துட்டான்!"

ஆள் பற்றாக்குறை என்று விளக்கினேன். அதன் பிறகு ஒவ்வொரு சாவையும் அவள் கணக்குப்பிள்ளை போலக் கவனித்தாள். கழுத்திலிருந்து ரத்தம் பீறிட்டபோது முகம் சுளித்தாள். "பெங்களூர் தக்காளில வச்ச ரசம் மாதிரி இருக்கு. நாட்டுத் தக்காளி போட்டிருந்தா நெறமா வந்திருக்கும்." அன்று அரைத் தட்டு தயிர்சாதம் உள்ளே போனது. மறுநாள் அவளே கேட்டாள், "இன்னிக்கு எந்த ஊரு அழியுது?"

அந்தப் படங்களில் சாவு ஒரு மட்டமான நடிகன். நேரத்துக்கு வரமாட்டான், வந்தாலும் கால் தடுக்கி விழுவான். ஆஸ்பத்திரி வராந்தாவில் நாங்கள் பார்த்தது வேறு மாதிரி இருந்தது. அங்கே அவனைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து சேர்த்து வைத்துச் சிரித்தோம்.

ஆனால் ஒரு விஷயத்தில் எந்தப் பிணமும் எனக்கு உதவவில்லை. முடி கொட்டிய நாளிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தவிர அம்மா வாசலைத் தாண்டவில்லை. தலையில் எந்நேரமும் ஒரு துண்டு. காய்கறி வண்டி வந்தால் ஜன்னல் வழியாகப் பேச்சு, உறவுக்காரர்கள் வந்தால் தூங்குவது போலப் பாசாங்கு. சிகிச்சை முடிந்து, நன்றாக நடக்கச் சொல்லி டாக்டரும் அனுப்பிவிட்டார். "முடி வளரட்டும்" என்பதோடு அம்மா முடித்துக்கொண்டாள். இவள் இப்படியே வீட்டுக்குள் இருந்து பழகிவிடுவாளோ என்று எனக்குப் பயம். கட்டியை எடுத்தாயிற்று, இதை எந்த டாக்டர் எடுப்பார்?

அப்போதுதான் சித்தி மகள் வந்து சேர்ந்தாள். கல்லூரியில் விஸ்காம் கடைசி வருஷம். படிப்பை முடிக்க ஒரு குறும்படம் எடுத்தாக வேண்டும். ட்ரோனில் தப்பான மருந்தை அடித்துவிடுகிறார்கள், வயலில் இருந்தவர்கள் எல்லாரும் நடைபிணமாகி, மிஞ்சியிருக்கும் ஒரே ஒருத்தனைத் துரத்துகிறார்கள். இதுதான் கதை. ட்ரோனுக்கு வசதி இல்லை. எல்லாரும் அண்ணாந்து பார்த்தால் போதும் என்றாள். அந்த நிமிஷமே அவள்மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

பிணங்களாக நடவுக்காரப் பெண்கள் எட்டுப் பேர். பக்கத்து வயலில் நடவை முடித்துவிட்டு மூன்று மணிக்கு வந்தார்கள். டீயும் போண்டாவும்தான் கூலி என்று பேச்சு. முழங்கால் வரை சேறு ஏற்கனவே இருந்தது. முகத்துக்கு அரிசி மாவைக் கரைத்துப் பூசி, வாயோரம் பீட்ரூட் சாறு. இடம், கொல்லையை ஒட்டிய எங்கள் வயல். நட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. கதாநாயகன் சித்தி மகளின் வகுப்புத் தோழன். தஞ்சாவூர் டவுன் பையன், வெள்ளை ஷூவோடு நடு வயலில் போய் நின்றான்.

"ஆக்‌ஷன்!"

எட்டுப் பிணங்களும் கைகளை நீட்டிக்கொண்டு புறப்பட்டன. நேராக அவன்மேல் பாய வேண்டும். பாயவில்லை. வரப்பில் ஏறி, ஒன்றன்பின் ஒன்றாக, ரேஷன் கடைக்குப் போவது போல நிதானமாகச் சுற்றிக்கொண்டு போய், மறு கரையில் நின்றுவிட்டன. கதாநாயகன் நடுவில் ஆபத்தே இல்லாமல் அலறிக்கொண்டிருந்தான்.

"அக்கா, நீங்க பொணம்! பொணத்துக்கு வரப்பு எதுக்குக்கா?" என்று சித்தி மகள் கத்தினாள்.

"பொணமானா என்ன தங்கச்சி, நட்டு மூணு நாள்தான் ஆவுது. இன்னும் வேரு புடிக்கல" என்றாள் நடவுக்காரர்களின் தலைவி. "நாங்க நட்டத நாங்களே மிதிக்கிறதா?"

நாலு டேக். நாலிலும் வரப்புதான். இதில் பிணங்களுக்குத் தலைமை தாங்க வேண்டியவன் இன்னொரு வகுப்புத் தோழன். அவனுக்கு மாட்டிய ரப்பர் மொட்டைத் தலை வியர்வையில் வழுக்கி வழுக்கிப் புருவத்தில் வந்து உட்கார்ந்தது. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. சித்தி மகள் அழும் நிலைக்கு வந்துவிட்டாள்.

கொல்லை வேலிக்குப் பின்னால், முருங்கை மரத்தடியில் நின்று அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். ஐந்து மாதமாகக் கண்ட கண்ட பிணங்களையும் பார்த்துத் தேர்ந்தவள். எவ்வளவு நேரம்தான் பொறுப்பாள்?

"ஏண்டி, பொணத்தைத் திட்டுறியே, அந்தப் பையன் ஷூவோட நின்னு எத்தன நாத்தை மிதிச்சிருக்கான் பாரு! அவனை வரப்புல ஓட விடு. பயிரை மிதிச்சவனைத் துரத்தச் சொல்லு. யாரும் நடிக்கவே வேண்டாம்."

நடவுக்காரப் பெண்கள் அப்போதுதான் கதாநாயகனின் காலைப் பார்த்தார்கள். முகங்கள் மாறின. மாவுக்கு அடியிலிருந்து அப்படி ஒரு கோபத்தை எந்தப் படத்திலும் நான் கண்டதில்லை. பையனும் பார்த்துவிட்டான், ஆக்‌ஷன் சொல்வதற்கு முன்பே கரையேறி ஓட ஆரம்பித்தான்.

"இரு, இரு, தலைவன் இல்லாம என்ன கூட்டம்?" என்றபடி அம்மா வேலிப் படலைத் திறந்தாள். "அந்த ரப்பர் மொட்டைக்குப் பின்னாடி முடி தெரியுது. பாக்கச் சகிக்கல."

துண்டை அவிழ்த்து என் கையில் கொடுத்தாள்.

தலைவிதான் மாவுக் கிண்ணத்தோடு வந்தாள். நெற்றியில் தொடங்கி உச்சந்தலை வரைக்கும், சுவருக்கு வெள்ளையடிப்பது போல அழுத்திப் பூசி, வாயோரம் பீட்ரூட் சாறும் தடவினாள். "எங்களுக்கெல்லாம் வெறும் மாவு. ஒங்களுதுதான்க்கா ஒரிஜினல்" என்றாள். முதலில் சிரித்தவள் அம்மா. அடக்க மாட்டாமல் சிரித்ததில் அந்தச் சாறு தாடைவரை வழிந்து, மேக்கப் இன்னும் நன்றாக அமைந்துவிட்டது.

ஒரே டேக். எங்கள் வரப்பில் ஒன்பது பிணங்கள் ஒற்றை வரிசையில் ஓடின. முன்னால் அம்மா. சாய்ந்த வெயில் பட்டு, ஈர மாவு பூசிய தலை பளபளத்தது. பின்னாலிருந்து தலைவி, "புடிங்க அவனை, திரும்ப நட்டுட்டுப் போகட்டும்!" என்று வசனத்தில் இல்லாததையெல்லாம் கத்தினாள். சித்தி மகள் சொன்ன கட், யார் காதிலும் விழவில்லை.

முடிந்ததும் எல்லாரும் வாய்க்காலில் இறங்கி முகம் கழுவினார்கள். அம்மாவைக் காணோம். டீ போடச் சர்க்கரை இல்லை என்று கொல்லை வழியாக வீட்டுக்குள் புகுந்து, வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள். நான் துண்டோடு பின்னாலேயே ஓடினேன். தெருவே பார்த்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை. நேரே பாய் கடைக்குப் போய் நின்றாள். கடைக்காரர் தராசை விட்டுவிட்டு இரண்டடி பின்வாங்கினார். குரலைக் கேட்டதும்தான் ஆளைத் தெரிந்தது அவருக்கு.

"என்னக்கா இது, வேஷமா?" என்றார்.

"மூஞ்சிதான் வேஷம் பாய். தலை நெசம்" என்றாள் அம்மா. "சர்க்கரை அரைக் கிலோ போடுங்க."