முளைத்தது யார் வீட்டு விதை

எட்டாம் வகுப்பில் எங்களுக்கு வந்த சயன்ஸ் வாத்தியாரிடம் எதைக் கேட்டாலும், "எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்று திருப்பிக் கேட்பார். இவருக்கே பதில் தெரியாது போல என்று சிரித்துக்கொள்வோம்.

பாலக்காட்டுக்குக் கிழக்கே எங்கள் ஊரில் ஆடி மாதம் மாரியம்மனுக்கு முளைப்பாரி போடுவார்கள். வீட்டுக்கு ஒரு பிடி தானியம் வாங்கி, ஒன்றாகக் கலந்து, இருட்டறையில் முளைக்க வைப்பார்கள். அந்த வருஷம் மளமளவென்று வளர்ந்தது. எல்லார் விதையும் நல்ல விதை என்று ஊரே பூரித்தது. வாத்தியார் மட்டும், "முளைத்தது யார் வீட்டு விதை?" என்று கேட்டார்.

எனக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போயிற்று. பிடித்தால் விடமாட்டேன், குரங்குப்பிடி என்று அம்மா திட்டுவாள். வகுப்பில் ஆளுக்கொரு பிடி வீட்டு விதைச்சோளம் கொண்டுபோய்த் தனித்தனிக் கொட்டாங்குச்சியில் நட்டோம். ஒரே மண், ஒரே ஜன்னல். எல்லோருடையதும் முளைத்தது. என்னுடையதில் வெறும் மண்தான் இருந்தது.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். அப்பா அதே விதையை விதைக்க நாளே குறித்துவிட்டார். அது முளைக்காவிட்டால் வருஷம் முழுக்க என்ன சாப்பிடுவது?

அப்பாவிடம் சொன்னேன். அடுப்புக்கு மேலே அட்டாலிப் பரணில் புகைபட வைத்த விதை, ஒரு பூச்சி உண்டா பார் என்றார். முளைப்பாரியில் நம் விதையும் இருந்ததே என்றார்.

"அதுல நம்முளுது எதுன்னு தெரியாதுங்களே. நீங்களே நட்டுப் பாருங்க, அப்பா. பாதிச் சட்டியில நம்ம விதை, பாதியில மாமன் ஊட்டு விதை."

வீம்புக்கு நட்டார். மாமன் பக்கம் பச்சையாய் வந்தது. எங்கள் பக்கத்தை அப்பா விரலால் கிளறி, ஒரு மணியை நசுக்கிப் பார்த்தார். நெல் அவிக்க அந்த வருஷம் அட்டாலிக்கு நேர் கீழே பெரிய அடுப்பாகக் கட்டியதை அவரேதான் சொன்னார். விதை வெந்துபோயிருந்தது.

புது விதை வாங்க என்னையும் டவுனுக்குக் கூட்டிப்போனார். முதல் தரம் என்று கடைக்காரர் சத்தியம் பண்ணினார். அப்பா ஒரு பிடி அள்ளி என் கையில் போட்டார். பட்டம் தப்பிவிடும், சின்னப் பெண் பேச்சைக் கேட்டுக் காத்திருப்பதா என்று கடைக்காரர் முறைத்தார்.

"நாலு நாள் பொறுங்க," என்றார் அப்பா. "எம் புள்ள நட்டுப் பாத்துச் சொல்லட்டும்."

அது முளைத்த பிறகுதான் எங்கள் காட்டில் ஏர் இறங்கியது.