எங்கள் லாரிக்கு டர்போ பூட்டிய கதை

நான் நான்காம் வகுப்பு படித்த வருஷம், ஐப்பசி மழை முடியும்வரை எங்கள் வீட்டில் இட்லி கிடையாது. இட்லித் தட்டுகள் லாரி இன்ஜினுக்குப் போய்விட்டன. தட்டுக்கு நான்கு குழி, இன்ஜினுக்கு நான்கு சிலிண்டர். எந்தச் சிலிண்டரில் கழற்றிய நட்டு எந்தக் குழியில் என்று மாமா கணக்காகப் போட்டு வைத்திருந்தார். அதைப் பார்த்த அம்மாவுக்கு முதலில் பேச்சே வரவில்லை. வந்தபோது மாமா தெருவுக்கு ஓடவேண்டியிருந்தது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி, மெக்கானிக். அவர் என் அப்பாவை மாமா என்பார், நான் அவரை மாமா என்பேன். வீட்டில் யாராவது அப்படிக் கூப்பிட்டால் இரண்டு தலைகள் நிமிரும்.

லாரி அப்பாவுடையது. ஒடுகத்தூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து உப்பு போட்ட பச்சைத் தோலை ஏற்றி எங்கள் ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரிகளுக்குக் கொண்டுவருவார். ஈரத் தோலின் கனம் லேசுப்பட்டதல்ல. சின்ன ஏற்றம் வந்தாலே வண்டி கறுப்பாகப் புகை கக்கி நின்றுவிடும். டேனரிக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு வண்டி பார்த்துக்கொண்டார்கள். அப்பாவும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். லாரியை விற்றுவிட்டுக் குவைத்துக்கு டிரைவராகப் போவது என்பது அந்த முடிவு. ஏஜென்ட்டிடம் பேசியாகிவிட்டது. எங்கள் தெருவிலிருந்து அப்படிப் போனவர்கள், மடியில் விட்டுப்போன பிள்ளை பள்ளிக்கூடம் சேரும்போதுதான் திரும்பி வந்தார்கள்.

கடைசியாக ஒரு கை பார்த்துவிடலாம் என்றவர் மாமாதான். ராணிப்பேட்டை ஒர்க்‌ஷாப்பில் லீவு சொல்லிவிட்டு, ஏதோ பழைய வண்டியில் கழற்றிய டர்போவைச் சாக்கில் சுற்றி எடுத்துவந்தார். பெரிய நத்தை மாதிரி இருந்தது.

“வெளிய போற புகை சும்மாதானே போகுது மாமா? அதை வெச்சு இந்தச் சக்கரத்தைச் சுத்தவுட்டா உள்ள காத்து ஜாஸ்தி போகும். வண்டி நல்லா இழுக்கும்” என்றார்.

“அப்ப மாட்டிடு. இன்னா யோசனை?”

“உங்க இன்ஜின் தாங்காது. உள்ள எல்லாம் தேஞ்சு கெடக்குது. மொதல்ல பிரிச்சுப் புதுசாக்கணும்.”

வெளியே மழை என்பதால் இன்ஜின் எங்கள் முன்னறைக்கே குடிவந்தது. கட்டில் வெளியேறியது. பிஸ்டன்கள் அம்மாவின் பழைய புடவைமேல் படுத்துக்கொண்டன. என் கணக்கு நோட்டில் கிரீஸ் பட்டு, டீச்சர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு அதெல்லாம் பெருமையாக இருந்தது.

எல்லாம் பூட்டி முடியும் நேரத்தில் ஒரு சின்னத் தகராறு. டர்போவிலிருந்து ஆயில் இறங்கும் குழாயைப் பொருத்தும் இடத்தில் கசியாமலிருக்க வைக்கவேண்டிய கேஸ்கெட் கிழிந்துபோனது. மாமா ஆயில் வாங்கப் போயிருந்தார். எங்கள் ஊரில் தோல் இருக்கும்போது எதற்கும் யாரும் கடைக்குப் போவதில்லை. அடிபம்புக்கும் தோல், கதவுக் கீலுக்கும் தோல், ஆடுகிற மேஜைக் காலுக்கும் தோல். அப்பா நல்ல துண்டாகப் பார்த்துக் கத்தரித்து, ஓட்டை போட்டு, வைத்து முடுக்கிவிட்டார். மாமாவிடம் சொல்லவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

மாமா வந்ததும் இன்ஜினை லாரியில் ஏற்றி ஸ்டார்ட் செய்தார்கள். உறுமியது. கூடவே மெல்லிசாக ஒரு விசில் கேட்டது. தெருவே கூடி நின்று கைதட்டியது. கொஞ்ச நேரத்தில் ஒரு நாற்றம் வந்தது. தோல் நாற்றம்தான். ஆம்பூர்க்காரன் எவன் அதற்கு மூக்கைத் திருப்புவான்? அந்த நேரம் ஷூ கம்பெனி வேலை முடிந்து திரும்பிய அம்மா தெருமுனையிலேயே நின்றுவிட்டாள்.

“இன்னாது, தோலு கருகுது?”

“பின்ன நம்மூர்ல மல்லிப்பூ வாசனையா அடிக்கும்?” என்று அப்பா சிரித்தார்.

“ஊறப்போட்ட தோலு நாத்தம் வேற, இது வேற. மொதல்ல வண்டியை நிறுத்துங்க!”

மாமா பாய்ந்து நிறுத்தினார். அதற்குள் ஆயில் சூடான புகைக்குழாய்மேல் ஒழுகி, புகை எழும்பிவிட்டது. கழற்றிப் பார்த்தால் அப்பா வைத்த தோல் பொரித்த வடாம் மாதிரி சுருண்டு கிடந்தது. அப்பா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“வுடு மச்சான். நமக்குக் குடுத்துவெச்சது அவ்ளோதான். ஏஜென்ட்டுக்குப் போன் பண்ணிடறேன்.”

மாமா டர்போவின் சக்கரத்தை விரலால் ஒரு தட்டு தட்டினார். அது தடையில்லாமல் சுற்றியது. “கேஸ்கெட்டுதான் போச்சு. வண்டி போகல” என்றார். இன்னொருவராக இருந்தால் அந்தச் சுருண்ட தோலை வைத்தே ஆயுளுக்கும் அப்பாவைக் கேலி செய்திருப்பார். மாமா அதை மழைத்தண்ணீரில் வீசிவிட்டு வேலூர் பஸ் ஏறிப் போய்ப் புதுக் கேஸ்கெட்டோடு வந்தார். அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன். ஏஜென்ட்டுக்குப் போன் போகவில்லை.

அதன்பிறகுதான் எனக்குச் சோதனை. டர்போ லாரி பறக்கும் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன். மாமாவோ, புது பிஸ்டன் பழகும்வரை மெல்லத்தான் ஓட்டவேண்டும், பாரமும் கூடாது என்று கட்டளையிட்டுவிட்டார். சும்மா ஓடுகிற வண்டிதானே என்று அப்பா என்னைப் பள்ளிக்கூடத்தில் விட ஆரம்பித்தார். அதுவரை நான் எழுவதற்கு முன்பே கிளம்பிவிடுகிறவர், இப்போது பக்கத்தில் உட்காரவைத்து என் சிநேகிதிகளின் பெயரெல்லாம் கேட்டார். நாங்கள் பேசிக்கொண்டு போகையில் டிராக்டர் எங்களைத் தாண்டியது. பால்காரரின் சைக்கிளும் தாண்டியது. நான் வெட்கத்தில் சீட்டுக்குக் கீழே சரிந்துகொண்டேன்.

பிறகு லோடு கிடைத்தது. விட்டுப்போன டேனரிகளும் கூப்பிட்டன. ஆனால் காலையில் லாரி என்னை ஏற்றிக்கொண்டு போகிற வேகம் மட்டும் வருஷம் முடிகிறவரை மாறவில்லை. கேட்டால், “இன்ஜின் இன்னும் பழகலம்மா” என்பார் அப்பா. நானும் நம்பினேன்.

போன பொங்கலுக்குச் சத்துவாச்சாரியில் மாமா வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். வருஷம் பூராவும் பழகாத இன்ஜினை எப்படிப் பூட்டினீர்கள் என்று மாமாவைச் சீண்டினேன்.

“வருஷம் பூராவா? யாரு சொன்னது? கொஞ்ச நாள்லயே பழகிடுச்சே. லோடோட மேட்டுல பறந்தாரு உங்கப்பா!”

அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஸ்கூலு கிட்டத்துல இருந்துச்சு மச்சான்” என்றார். “வேகமாப் போனா சீக்கிரம் வந்துடும்.”