மணலில் கட்டிய படகுகள்

அரசு செலவை விசாரிக்கும் பாராளுமன்றக் குழு எங்கள் கரைக்கு வந்தது. புது இறங்குதுறையை மணல் மூடிவிட்டது, படகு வராது. ஆனாலும் அதைக் கட்டுவித்த மீன்பிடி அதிகாரி சொன்னதால், மறுத்தால் படகு எண்ணெய் மானியத்தை நிறுத்திவிடுவாரோ என்று பயந்து, காலையிலேயே படகுகளை இழுத்துவந்து அங்கே கட்டினோம்.

"துறையைப் பாவிக்கிறீங்களோ?" என்று ஒரு உறுப்பினர் கேட்டார்.

"ஓம் ஐயா" என்றார்கள் எல்லோரும்.

அதை அவர் நம்பிப் போனால் மணலை இனி யாரும் தோண்டப்போவதில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏறுங்கோ ஐயா, ஒருக்கா ஓடிக் காட்டுறன்" என்றேன்.

"விசரோ உனக்கு?" என்று எங்கள் மீனவர் சங்கத் தலைவர் என் கையைப் பிடித்தார். அதற்குள் உறுப்பினர் ஏறிவிட்டார். இயந்திரம் உறுமியது, படகு அசையவில்லை. அவர் சப்பாத்தோடு தண்ணீரில் இறங்கினார். முழங்கால்கூட நனையவில்லை.

"அப்ப ஏன் ஓம் எண்டனீங்கள்?"

அதிகாரி மேல் எனக்குக் கோபம்தான். அந்தக் கேள்விக்குத் தலைகுனிந்து நின்ற எங்கள் மேல் அதைவிடக் கோபம்.