பாய் திருப்பிச் சொன்னது

இலஞ்சியில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு ஒரு விதி உண்டு. மறுத்துப் பேசுமுன், அடுத்தவர் சொன்னதை அவர் ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்ல வேண்டும்.

அன்று, எங்கள் ஊர் வழியே கேரளாவுக்குக் கல் ஏற்றிப்போகும் லாரிகளைப் பற்றிய பேச்சு. லாரி ஓட்டும் காதர் பாய் முதலில் பேசினார். அவர் முடித்ததும் நான் விதியை மறந்து, "ஒரு லாரியும் ஓடக்கூடாது!" என்று கத்தினேன்.

பாய் நிதானமாக என் பேச்சைத் திருப்பிச் சொன்னார். "இவங்களுக்கு லாரி மேல கோவம் இல்ல. பள்ளிக்கூடம் போன பிள்ள வந்து சேருத வரைக்கும் பயந்துபோயி வாசல்லயே நிக்காங்க. சரிதானம்மா?"

நான் சொல்லாததையும் சொல்லிவிட்டார். ஆமென்று தலையாட்டினேன்.

"இப்ப நான் சொன்னத நீங்க சொல்லுங்க."

ஒரு வரிகூட நினைவில் இல்லை. அவர் பேசும்போது என் பதிலைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னொரு தடவ சொல்லுங்க பாய்" என்றேன்.

பல வருடமாக அந்தக் கூட்டத்துக்குப் போகிறேன். ஒருவர் பேசி முடிக்கும்வரை கேட்டது அன்றுதான்.