மூன்றாவது ஸ்ட்ரைக்

ஆக்லாந்தின் பிளாட் புஷ் பகுதியிலிருந்து மாசி என்ற பகுதிக்கு நாங்கள் வீடு மாறிய வருடம், என் பத்து வயது மகள் புதிய பேஸ்பால் அணியில் சேர்ந்தாள். சீசன் முழுக்க அவள் மட்டையில் ஒரு பந்துகூடப் படவில்லை.

கடைசி ஆட்டத்துக்கு அம்பயராக வந்தவர் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. குள்ளமான உருவம். முகக்கவசத்துக்குப் பின்னால் நரைத்த பின்னல் தொங்கியது. ஒவ்வொரு பிள்ளை ஆட வரும்போதும் குனிந்து, அடிப்பவர் நிற்குமிடத்தில் தரையில் பதித்த வெள்ளைத் தட்டின் மண்ணைச் சின்ன பிரஷ்ஷால் தள்ளிவிடுவார். என் மகளுக்கும் தள்ளிவிட்டார். அவள் இரண்டு பந்துகளைத் தவறவிட்டாள்; இரண்டு ஸ்ட்ரைக். மூன்றானால் அவுட். மூன்றாவது முழங்கால் உயரத்தில், அடித்தே ஆகவேண்டிய எல்லையின் விளிம்பில் வந்தது, அசையாமல் நின்றாள். "ஸ்ட்ரைக்!" என்று அவளை வெளியே அனுப்பினார்.

ஆட்டம் முடிந்ததும் நேரே அவரிடம் போனேன். "நாங்க எப்படியும் தோத்துத்தான் இருப்போம். குழந்தைக்கு ஒரு தடவை விட்டுக்கொடுத்திருக்கலாமேம்மா?"

"விடலாம் தம்பி. பிறகு அவ உண்மையா அடிக்கேக்கை ஆர் நம்புவினம்?"

எனக்குக் கோபம்தான் வந்தது. மகள் என் சட்டையை இழுத்தாள். "இட் வாஸ் அ ஸ்ட்ரைக், அப்பா." பிறகு அவரை நிமிர்ந்து பார்த்து, "நெக்ஸ்ட் இயர் ஐ வில் ஹிட் இட்" என்றாள்.

"ஓம். அடி, பாப்பம்" என்றார், சிரிக்காமல்.

அந்த மைதானத்தில் அவள்மேல் பரிதாபப்படாத ஒரே ஆள் அவர்தான் என்பது வீட்டுக்கு வந்த பிறகே எனக்கு உறைத்தது.