தோளில் ஸ்டார்ட், காதில் ஸ்டாப்

என் மனைவி பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் பெல்ட்டில் நின்று வேலை பார்த்தவள். முழங்கால் தேய்ந்துவிட்டது, இனி நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உட்கார்ந்து பார்க்கும் வேலை அங்கே கன்ட்ரோல் ரூமில் மட்டும்தான். அதற்கு பி.எல்.சி. தெரிய வேண்டும். மெஷின் எப்போது ஓடும், எப்போது நிற்கும் என்று முடிவு செய்யும் பெட்டி அது. நாம் ஏணி போல ஒரு படம் வரைந்துதான் அதற்குச் சொல்லித்தர வேண்டும். கம்பெனியே வகுப்பு நடத்தியது. பரீட்சையில் தேறாவிட்டால் வீட்டோடு இருக்க வேண்டியதுதான். அது அவளுக்கு ஆகாத காரியம்.

முதல் பாடமே படுத்தியது. ஸ்டார்ட் பட்டனிலிருந்து விரலை எடுத்த பிறகும் மோட்டார் ஓட வேண்டும். அவளுடையது விரலை எடுத்ததும் நின்றது.

"ஏங்க, எந்திரிங்க. நீங்கதான் மோட்டார்" என்றாள் ஒரு சாயங்காலம். "தோள்ல தட்டினா ஸ்டார்ட். காதைப் பிடிச்சா ஸ்டாப்."

"கையை எடுத்த அப்புறமும் ஓடணுமா?"

"ஆமா."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து அதைத்தானே பண்றேன்."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மனைவி தோளில் தட்டிவிட்டுக் கையை எடுத்தாள். நான் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஓடுறதே ஓட்டத்தைப் பிடிச்சுக்குது!" என்று ஏணிப் படத்தில் ஸ்டார்ட்டுக்குப் பக்கத்தில், மோட்டார் ஓடும்வரை திறந்திருக்கும் இன்னொரு வழியை வரைந்தாள்.

அந்நேரம் பார்த்து கரண்ட் போனது. நின்றேன். கரண்ட் வந்ததும் நல்ல பிள்ளையாக மறுபடி நடந்தேன்.

"யாரு தொட்டா உங்களை?" காதைப் பிடித்துவிட்டாள். "தானா கிளம்பினா, அடைப்பு எடுக்கக் கையை உள்ள விட்டவ கதி? யாராவது வந்து தொடணும்."

பரீட்சையில் இன்ஜினியர் மெயினை அணைத்து மறுபடி போட்டார். பக்கத்து மேஜை மோட்டார் தானாகக் கிளம்பியது. இவளுடையது அசையவில்லை. ரிப்பேர் என்று நினைத்துவிடுவாரோ என்று இவளுக்கு உதறல். அவர், "இப்ப அழுத்துங்கம்மா" என்றார். ஓடியது. கடைசி வரை கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்துதான் வேலை பார்த்தாள்.

அவள் கண்ணை மூடிய பிறகு, உட்கார்ந்தால் உட்கார்ந்த இடத்திலேயே இருந்துவிடுகிறேன். இன்று காலையும் ஆபீசுக்குக் கிளம்பாமல் செருப்பைப் பார்த்தபடி இருந்தேன். மகள் வந்து பக்கத்தில் நின்றாள். தோளில் தட்டினாள்.

எழுந்து நடந்தேன்.